பெர்பெரே, ஸாதர், துக்கா: வீட்டில் எந்தப் பொடியை அரைத்து வைப்பது?

பிற நாட்டுச் சமையல் பொடிகளை வீட்டிலேயே தயாரிக்க வேண்டும் என்று நினைக்கும்போது, எதில் தொடங்குவது என்பதுதான் பெரும்பாலும் குழப்பம். மொராக்கோவின் ராஸ் எல் ஹனூத் இருபதுக்கும் மேற்பட்ட சாமான்களைக் கேட்கும். அவற்றில் பாதியை வாங்கிவிட்டு மறுமுறை தொடாமலேயே வைத்திருக்க நேரும். பிரான்சின் புரோவான்ஸ் மூலிகைக் கலவையில் உலர்ந்த இலைகளைக் கலப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதைக் கொண்டு, நம் அடுப்பிலும் மிக்ஸியிலும் செய்யத்தக்கவை என்று பார்த்தால், எத்தியோப்பியாவின் பெர்பெரே, லெபனான், சிரியா, ஜோர்டான், பாலஸ்தீனம் ஆகிய நாடுகளில் புழங்கும் ஸாதர், எகிப்தின் துக்கா ஆகிய மூன்றும் முன்னால் நிற்கின்றன. மூன்றையும் நான் செய்து பயன்படுத்தியிருக்கிறேன். இப்போது என் சமையலறையில் நிலையான இடம் பெற்றிருப்பது பெர்பெரே மட்டுமே. சுவையை வைத்து அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அரைத்து வைத்த பொடி எத்தனை நாள் நல்ல நிலையில் நிற்கிறது என்பதே முடிவைத் தீர்மானித்தது.

சுவையில் இவை மூன்றும் மூன்று திசைகள். பெர்பெரே காரமும் வாசனையும் கூடிய குழம்புப் பொடி. ஸாதர் புளிப்பும் மூலிகை மணமும் கொண்டது. துக்கா கொறிக்கத்தக்க பருப்புப் பொடி. இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை.

ஸாதரில் நான்கே பொருட்கள்: ஓரிகானோ குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மூலிகையின் உலர்ந்த இலை, சுமாக் என்னும் புளிப்பான காயின் தூள், வறுத்த எள், உப்பு. லெபனானில் இதை ஆலிவ் எண்ணெயில் குழைத்து, ரொட்டி மாவின் மீது தடவிச் சுட்டு, காலை உணவாக உண்பார்கள். மன்ஊஷே எனப்படும் அந்த ரொட்டியைச் செய்யும் மரபை யுனெஸ்கோ 2023இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த மூலிகையோ மலைச்சரிவுகளில் தானாக வளர்வது. காட்டில் அதைப் பறிப்பதற்கு இஸ்ரேல் 1977இல் தடை விதித்த அளவுக்கு அதன் தேவை பெருகியிருந்தது. நம்மிடம் அந்த இலை கிடைப்பதில்லை. ஓரிகானோவையும் தைமையும் சமமாகக் கலந்து, அதோடு ஒரு சிட்டிகை ஓமத்தை நுணுக்கிச் சேர்த்தால் மணம் ஏறத்தாழ வந்துவிடும். வீட்டுத் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லிக்கும் அதே சாயல் மணம் உண்டு. ஆனால் அதன் இலை சதைப்பற்றுள்ளது என்பதால் உலர்த்தும்போது கறுத்துப்போகிறது. சுமாக்கிற்குப் பதிலாக மாங்காய்த் தூளைப் போடலாம் என்றாலும், அந்தக் கருஞ்சிவப்பு நிறமும் திராட்சை போன்ற பின்சுவையும் அதில் கிடைக்காது.

துக்கா இன்னும் எளிது. ஹேசல் கொட்டை, எள், தனியா, சீரகம், மிளகு, உப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக வறுத்து, கரகரப்பாக இடித்தால் முடிந்தது. ரொட்டியை முதலில் எண்ணெயில் தொட்டு, பிறகு பொடியில் தொட்டுச் சாப்பிடுவார்கள். ஹேசல் கொட்டை விலை உயர்ந்தது என்பதால் எகிப்திலேயே பல வீடுகளில் வேர்க்கடலையோ வறுத்த கொண்டைக்கடலையோ அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வேர்க்கடலைத் துக்காவை அவித்த முட்டை மீது தூவிச் சாப்பிட்டால் அது எவ்வளவு நல்ல பொடி என்பது விளங்கும். சுவையை மட்டும் வைத்துப் போட்டி நடத்தினால் அது வென்றாலும் வியப்பில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பொடி கெடுவது இரண்டு வழிகளில் நடக்கிறது. முதலாவது, மணம் தரும் எண்ணெய்கள் காற்றில் கலந்து மறைவது. முழு விதையாக இருக்கும்வரை அவை செல்சுவருக்குள் பாதுகாப்பாக இருக்கின்றன; அரைத்த நொடியிலிருந்து வெளியேறத் தொடங்குகின்றன. இது மூன்று பொடிகளுக்கும் பொது. இரண்டாவது, கொழுப்பு காற்றோடு வினைபுரிந்து காறிப்போவது. இங்கேதான் வேறுபாடு தெரிகிறது. எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்; ஹேசல் கொட்டையில் அது இன்னும் அதிகம். கொட்டையை வறுத்து இடிக்கும்போது அந்த எண்ணெய் பொடியின் மேற்பரப்பெங்கும் பரவி, காற்றுக்கு நேராக வெளிப்பட்டு நிற்கிறது. சென்னை போன்ற கடலோர ஊரின் வெப்பத்தில் துக்கா சில வாரங்களுக்குள் சிக்கு வாடை கொள்ளத் தொடங்கும். குப்பியைத் திறந்தவுடன் வறுத்த கொட்டையின் மணத்துக்குப் பதிலாகப் பழைய விளக்கெண்ணெய் போன்ற ஒரு மந்தமான வாடை வந்தால், அதற்கு மேல் அதைக் காப்பாற்ற வழியில்லை. ஸாதர் இந்த வகையில் சற்று மேல்: அதில் எள் முழுதாகவே இருக்கிறது, எள்ளுக்குள் காறலைத் தடுக்கும் இயற்கைப் பொருட்களும் உள்ளன. ஆனால் அதில் முதலிலேயே கலந்துவிட்ட உப்பு ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டச் செய்கிறது. மழைக்காலத்தில் இது கண்கூடு.

இவற்றைவிட நான் பெரிதாகக் கருதும் காரணம் வேறொன்று. ஸாதரும் துக்காவும் பெரும்பாலும் சமைக்காமல் அப்படியே தட்டுக்கு வருபவை. பொடியின் வயது நேராக நாக்கில் தெரியும்; மறைக்க எதுவும் இல்லை. பெர்பெரே அப்படியன்று. அது பெரும்பாலும் கொழுப்பில் வதங்கி, வெங்காயத்தோடு நீண்ட நேரம் கொதித்த பிறகே உணவாகிறது. மணத்தைத் தரும் எண்ணெய்களில் ஒரு பகுதி பறந்துவிட்ட பொடியும்கூட, சூடான நெய்யில் விழும்போது தன்னிடம் எஞ்சியதை முழுமையாக விட்டுக்கொடுக்கிறது. மிளகாயின் காரத்தைத் தரும் கேப்சைசின் எளிதில் சிதையாத பொருள். கொட்டையோ எள்ளோ இல்லாததால் காறும் பேச்சும் குறைவு. ஆக, கொஞ்சம் பழையதானாலும் அளவைச் சற்றுக் கூட்டினால் வேலை செய்யும் ஒரே பொடி இந்த மூன்றில் இதுதான். தினமும் சமைக்கிற, ஆனால் தினமும் அரைக்க முடியாத வீட்டுக்கு இந்த ஒரு பண்பே போதும்.

பெர்பெரேயின் சாமான்களில் பெரும்பாலானவை நம் மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் இருப்பவை. நான் பின்பற்றும் அளவு இது: காம்பு நீக்கிய காய்ந்த மிளகாய் 100 கிராம், தனியா 15 கிராம், வெந்தயம், மிளகு, ஏலக்காய் விதை, சுக்கு ஒவ்வொன்றும் 5 கிராம், ஓமமும் கருஞ்சீரகமும் 3 கிராம் வீதம், பட்டை 2 கிராம், கிராம்பு 1 கிராம். மிளகாயில் முக்கால் பங்கு பேடகி, கால் பங்கு குண்டு மிளகாய் என்று எடுத்துக்கொண்டால், எத்தியோப்பியப் பொடியின் ஆழ்ந்த சிவப்பு நிறம் வருகிறது. காரமும் தாங்கக்கூடியதாக இருக்கிறது. வெந்தயத்தைத் தனியாக, சிவக்கும் தறுவாயில் இறக்கிவிட வேண்டும். கறுத்தால் மொத்தப் பொடியும் கசக்கும். மிளகாயை மிகச் சிறு தீயில், மொறுமொறுப்பு வரும்வரை மட்டுமே சூடாக்க வேண்டும். மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது அவசியம், ஏனெனில் தொடர்ந்து ஓட்டினால் ஏறும் சூடே மணத்தைக் குறைத்துவிடும். அரைத்த பொடியைத் தாளில் பரப்பி, முற்றிலும் ஆறிய பிறகே குப்பியில் அடைக்க வேண்டும். இளஞ்சூட்டில் அடைத்தால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். உப்பை நான் பொடியில் சேர்ப்பதில்லை, சமைக்கும்போது போட்டுக்கொள்கிறேன்.

எத்தியோப்பியாவில் இதைச் செய்யும் முறை இன்னும் விரிவானது. மிளகாயை இஞ்சி, பூண்டோடு சேர்த்து இடித்து, மீண்டும் வெயிலில் நன்றாக உலர்த்தி, வறுத்த சாமான்களோடு கலந்து மில்லில் அரைப்பார்கள். துளசி இனத்தைச் சேர்ந்த பெசோபெலா, அருவதா வகையைச் சேர்ந்த தெனா ஆதாம் ஆகியவையும் சேரும். ஏலக்காய்க்குப் பதில் அவர்கள் போடுவது கொரரிமா என்னும் வேறொரு காய். ஈரப்பூண்டை முழுமையாக உலர்த்துவது நம் கடலோரக் காற்றில் கடினம் என்பதால், பூண்டை நான் பொடியிலிருந்து விலக்கி வாணலிக்கு மாற்றிவிட்டேன். கொரரிமா சேர்த்து அங்கேயே அரைத்த பெர்பெரேயைச் சுவைக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. ஆகவே என் பொடி அசலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று உறுதி கூற நான் தகுதியுள்ளவன் அல்லன். நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இதைச் சோதித்துப் பார்க்க மைசூர்ப் பருப்பில் செய்யும் மிசிர் வொத் என்னும் குழம்பே ஏற்றது. நிறைய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, எண்ணெய் விடாமல் வெறும் வாணலியில் அதன் நீர் வற்றும்வரை வதக்குவார்கள். பிறகே நெய்யும் பெர்பெரேயும் சேரும். மூன்று நான்கு நிமிடங்களில் மிளகாய்த்தூளின் பச்சை நெடி அடங்கி, வெங்காயம் கருஞ்சிவப்பான விழுதாகத் திரண்டு, ஓரங்களில் சிவந்த நெய் பிரியும். ஏலக்காயும் ஓமமும் அப்போதுதான் மூக்குக்கு எட்டும். அதன் பின் பருப்பும் நீரும் சேர்த்துச் சிறு தீயில் வேகவிட வேண்டும். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிக்கிழமைகளிலும் நீண்ட நோன்புக் காலங்களிலும் பாலும் இறைச்சியும் விலக்குவதால், அந்நாட்களில் நெய்யின் இடத்தை எண்ணெய் எடுத்துக்கொள்கிறது. சைவ வீடுகளுக்கு இந்தப் பொடி இவ்வளவு இணக்கமாக இருப்பதற்கு அந்த நோன்பு மரபு ஒரு பெரிய காரணம். இஞ்ஜெரா என்னும் எத்தியோப்பியப் புளித்த மாவு ரொட்டி இல்லாவிட்டாலும் சோற்றோடும் தோசையோடும் குறைவின்றிப் பொருந்துகிறது.

பெர்பெரேக்கும் குறைகள் உண்டு. வெளிச்சம் பட்டால் மிளகாயின் சிவப்பு வெளுத்துவிடும்; ஆகவே கண்ணாடிக் குப்பியை அலமாரிக்குள் வைக்க வேண்டும். மிளகாய்த்தூளைத் தாக்கும் சிறு பழுப்பு வண்டு இதையும் விடாது. ஒரு மாதத்துக்கான அளவை வெளியில் வைத்துக்கொண்டு, மீதியைச் சிறு பொட்டலங்களாக உறைபெட்டியில் வைப்பது இரண்டுக்கும் தீர்வு. பொட்டலத்தை எடுத்தவுடன் பிரிக்காமல், அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையெனில் குளிர்ந்த பொடியின் மீது காற்றின் ஈரம் படியும். வறுக்கும்போது எழும் நெடி வீட்டிலுள்ள முதியவர்களையும் குழந்தைகளையும் வருத்தும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அவ்வளவு சிரமம் ஏன், கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு, மிளகாய்த்தூள் கலப்படம் எளிதாக நடக்கும் பொருள் என்பதை நினைவூட்டுகிறேன். 2003இல் பிரான்சில் இந்திய மிளகாய்த்தூளில், உணவில் சேர்க்கக் கூடாத ‘சூடான்’ என்னும் செயற்கைச் சிவப்புச் சாயம் கண்டறியப்பட்டது. 2005இல் அதே சாயத்தின் காரணமாகப் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பண்டங்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. முழு மிளகாயைக் கண்ணால் பார்த்து வாங்கி அரைக்கும்போது இந்தக் கவலை பெருமளவு குறைகிறது. ஸாதரிலும் கோதுமைத் தவிடும் சிட்ரிக் அமிலமும் கலந்த மலிவுப் பொட்டலங்கள் சந்தையில் உண்டு என்பதால், வாங்கும் முன் உறையில் உள்ள பொருட்பட்டியலைப் படிப்பது நல்லது.

காரமே உண்ணாத குடும்பத்துக்கும், காலையில் ரொட்டியும் தயிருமே உணவாக இருப்பவர்களுக்கும் என் தேர்வு பொருந்தாது. அவர்கள் ஸாதரைச் செய்யலாம். உப்பைத் தனியே வைத்து, எள்ளை அவ்வப்போது வறுத்துச் சேர்த்துக்கொண்டால் மூலிகையும் சுமாக்கும் பல மாதங்கள் நிற்கும். துக்காவை விரும்புகிறவர்கள் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் இடித்துக்கொள்வது நல்லது. கொட்டைக்குப் பதில் வறுத்த கொண்டைக்கடலையைப் போட்டால் எண்ணெய் குறைந்து, இன்னும் சில நாட்கள் கூடுதலாகத் தாங்கும் என்றே எதிர்பார்க்கிறேன், ஆனால் அந்த வகையை நான் நீண்ட காலம் வைத்துப் பார்க்கவில்லை.