மயிலாடுதுறையில் ஒரு கத்தரிக்கோலும் அரை அட்டை மாத்திரையும்

நெவார்க்கில் விமானம் ஏறி, சென்னையில் இறங்கி, எழும்பூரில் ரயில் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்ததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பெட்டி தொலையவில்லை, ரயில் தாமதமாகவில்லை, சிம் கார்டு பத்து நிமிடத்தில் உயிர்பெற்றது. மூன்று வார விடுமுறையில் பதினெட்டு நாள் சுகமாகப் போனது. மிச்சம் மூன்று நாளை ஒரு மாத்திரை தின்றுவிட்டது.

போன மறுநாள் காலை, கிணற்றடியில் அம்மா தடுமாறித் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டாள். விழவில்லை. "எழுபத்து நான்கு வயதில் தலை சுற்றாமல் என்ன செய்யும்?" என்று அவளே வழக்கை முடித்தும் வைத்தாள். ஆனால் காலையில் சொன்ன கல்யாணச் செய்தியை மத்தியானம் ஒரு தடவை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தடவை புதுச் செய்தியாகவே சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்தத் தெருவில் யார் வீட்டில் எந்த வருடம் யாருக்குக் காதுகுத்து என்று தேதியோடு சொல்கிறவள் அவள்.

மாத்திரைகள் இருக்கும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்தேன். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, முழு அட்டை. வயிற்றுக்கு ஒன்று, அதுவும் முழு அட்டை. அடியில் கைவிரல் நீளத்தில் ஒரு காக்கிக் கவர். மேலே பால்பாயின்ட் பேனாவில் 'இரவு 1'. உள்ளே வெள்ளித்தாள் அட்டையிலிருந்து வெட்டிய ஒரு துண்டு, நான்கு மாத்திரைகள். கத்தரிக்கோல் மூன்று பக்கமும் புகுந்து விளையாடியிருந்தது. பின்பக்கம் திருப்பினால், மருந்துப் பெயரின் தலை போய் வால் மட்டும் இருந்தது: '...சோலாம்'. பக்கத்தில் 0.5. தொகுதி எண்ணில் பாதி. காலாவதித் தேதி அட்டையின் மறுமுனையோடு வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டது.

"இது எதற்கு?" என்றேன்.

"தூக்கத்துக்கு. அப்பா போன பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்தது."

அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது.

நியூ ஜெர்சியில் இப்படி ஒரு புதிருக்கு வேலையே இல்லை. அங்கே ஆரஞ்சு நிற டப்பாவின் மேல் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், மருந்தின் பெயர், அளவு எல்லாம் இருக்கும். பல கடைகளில் 'வெள்ளை, நீள்வட்டம், ஒரு பக்கம் இன்ன எழுத்து' என்று மாத்திரையின் அங்க அடையாளமும் அச்சிட்டுத் தருவார்கள். டப்பா தொலைந்தாலும் பாதகமில்லை. 1990களின் நடுவிலிருந்து அங்கே விற்கும் மாத்திரைகள் ஒவ்வொன்றின் முதுகிலும் எழுத்தோ எண்ணோ பொறித்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கணினியில் தட்டினால் மாத்திரை தன் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடும்.

அந்தப் பழக்கதோஷத்தில் அம்மாவின் மாத்திரை ஒன்றைப் பிதுக்கி, அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வெள்ளை, வட்டம், நடுவில் ஒரு கோடு. அவ்வளவுதான். இந்தியாவில் வெள்ளையாய், வட்டமாய், நடுவில் கோட்டோடு இருக்கும் மாத்திரைகளை எண்ணி முடிப்பதற்குள் ஐப்பசி வந்து துலா முழுக்கும் முடிந்துவிடும்.

வாங்கிய கடைக்கே போனேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மளிகைக்கடையாக இருந்த இடம். இருபது வயதுத் தம்பி ஒருவர் ஒரு கையில் கைப்பேசியும் மறு கையில் கத்தரிக்கோலுமாக நின்றார். துண்டைக் காட்டினேன்.

"தூக்க மாத்திரைதான் அக்கா. அம்மா வழக்கமாக வாங்குவதுதான், ஒன்றும் செய்யாது."

"பெயர் என்ன?"

"பெயர் எதற்கு அக்கா? அந்த வெள்ளை மாத்திரை என்றால் நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன்."

"சீட்டு பார்த்துத்தானே கொடுக்கிறீர்கள்?"

அவர் பதில் சொல்லவில்லை. அதற்குள் இன்னொருவர் வர, ஓர் அட்டையை உருவி, பெயர் இருக்கும் முனையிலிருந்தே மூன்று மாத்திரையை வெட்டிக் கொடுத்தார். அந்தக் கத்தரிக்கோல் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மூன்று மாத்திரை, நான்கு மாத்திரை என்று வாங்குவது நம் ஊரில் புதிதல்ல, தப்பும் அல்ல. கையில் இருக்கிற காசுக்குத்தானே மருந்தும் வாங்க வேண்டியிருக்கிறது. ஆனால் வெட்டுவதை வெறும் முனையிலிருந்து வெட்டினால் என்ன? கவரில் 'இரவு 1' என்று எழுதுகிற பேனாவுக்கு மருந்தின் பெயர் மட்டும் கசக்கிறதா?

எங்கள் பழைய கம்பவுண்டரின் நினைவு வந்தது. சிவப்பு மிக்ஸ்சர் மருந்தைப் பாட்டிலில் ஊற்றி, காகிதத்தைப் படிப்படியாகக் கத்தரித்து, பசை தடவிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். ஒரு வேளைக்கு ஒரு படி. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட ஒரு சொட்டுக் கூடாமல் குறையாமல் குடிப்பாள். அவர் கையிலும் கத்தரிக்கோல்தான் இருந்தது.

இப்போது அந்த 'சோலாம்' என்ற வாலுக்கு வருகிறேன். அல்பிரசோலாமும் அப்படித்தான் முடியும், எடிசோலாமும் அப்படித்தான் முடியும். இரண்டும் பதற்றத்துக்குத் தருபவை, இரண்டிலும் 0.5 மில்லிகிராம் உண்டு. முதலாவதை அமெரிக்காவில் சானாக்ஸ் என்ற பெயரில் குழந்தைக்கும் தெரியும். இரண்டாவது ஜப்பானிலும் இந்தியாவிலும் மருத்துவர்கள் எழுதும் மருந்து, ஆனால் அமெரிக்காவில் அது மருந்தாக அங்கீகாரம் பெற்றதே இல்லை. 2023இல் அதைத் தடைப் பட்டியலின் முதல் பிரிவில் கொண்டுபோய் வைத்தார்கள். அம்மாவை அடுத்த கோடையில் என்னிடம் அழைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தது. பெட்டியில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து இறங்கி அவள் சுங்க அதிகாரிக்குப் பதில் சொல்வதை நினைத்துப் பார்த்தேன்.

மணிக்கூண்டுப் பக்கம் இரண்டு கடைகளில் கேட்டேன். ஒருவர் நிறத்தைப் பார்த்தே ஒரு பெயர் சொன்னார், அடுத்தவர் அதே நிறத்துக்கு வேறு பெயர் சொன்னார். இருவர் குரலிலும் சந்தேகம் துளிகூட இல்லை.

மூன்றாவது கடை மிகச் சின்னது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண், மருந்தாளுநர், துண்டைக் கையில் வாங்கினார். "மாத்திரையைப் பார்த்துச் சொல்ல மாட்டேன். தப்பாகிவிடும். அட்டையைப் பார்த்துச் சொல்கிறேன், கொஞ்சம் உட்காருங்கள்" என்றார். உட்கார ஸ்டூலும் போட்டார். இருபத்திரண்டு வருட வெளிநாட்டு வாசத்தில் எந்த மருந்துக்கடையிலும் எனக்கு ஸ்டூல் போட்டதில்லை.

பூட்டிய இழுப்பறையைத் திறந்து ஆறு அட்டைகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். என் துண்டை ஒவ்வொன்றின் மேலும் பொருத்திப் பார்த்தார். எழுத்தின் பருமன், சிவப்புக் கட்டத்தின் ஓரம், வெள்ளித்தாளில் உள்ள வரிவரியான மேடு. நான்காவது அட்டையில் என் துண்டு வெட்டிய இடம்கூடத் தெரியாமல் போய் உட்கார்ந்தது. பாதி தொகுதி எண்ணின் முதல் எழுத்துகளும் அதே நிறுவனத்துடையவை. அல்பிரசோலாம், 0.5.

"சீட்டில் எவ்வளவு எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். சீட்டு எங்கே? அப்பாவின் மருத்துவமனைக் கோப்பில், கடைசித் தாளுக்குப் பின்னால் இருந்தது. வீட்டுக்குப் போய் எடுத்து வந்தேன். 0.25, இரவில் ஒன்று, பத்து நாள். பத்து நாளைக்கு எழுதியது எட்டு மாதமாக ஓடியிருக்கிறது. நடுவில் எப்போதோ 0.25 தீர்ந்து 0.5 வந்திருக்கிறது. வெள்ளை மாத்திரைக்குப் பதில் வெள்ளை மாத்திரை, அம்மாவுக்கு என்ன தெரியும்?

அந்தப் பெண் ஒரு நீளமான பதிவேட்டையும் காட்டினார். மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளுக்கான எச்1 அட்டவணை 2014 மார்ச் முதல் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அல்பிரசோலாம், டயசெபாம் போன்றவை அதில் உண்டு, காசநோய் மருந்துகளும் சில வீரியமான ஆன்டிபயாடிக்குகளும் உண்டு. விற்றால் நோயாளி பெயர், எழுதிய மருத்துவர் பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனியே குறித்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்க வேண்டும். சட்டம் இங்கேயும் முழுசாகத்தான் இருக்கிறது. எங்கள் தெருமுனையில் அதையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள்.

கிளம்பும்போது, "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று கேட்டார். வயிற்று மாத்திரை என்று அசட்டையாகச் சொல்லிக் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "நீங்களே படியுங்கள்."

டைசைக்ளோமின் 10, கிளிடினியம் 2.5, குளோர்டயசெபாக்சைடு 5. வயிற்றுப் பிடிப்புக்கு இரண்டு, மூன்றாவது பதற்றத்துக்கு. அல்பிரசோலாமுக்குப் பங்காளி, இரண்டும் பென்சோடயசெபைன் என்ற ஒரே மருந்துக் குடும்பம். வயிறு பொருமும்போதெல்லாம் அம்மா இதில் ஒன்று போட்டுக்கொள்வாள், இரவில் அதன் மேல் மற்றது. வயதானவர்கள் உடம்பில் அல்பிரசோலாம் பாதி கரையவே சுமார் 16 மணி நேரம் ஆகும். குளோர்டயசெபாக்சைடு உடைந்து உண்டாகும் பொருள்கள் நாள்கணக்கில் தங்கும். கிணற்றடியில் அம்மாவின் காலை வாரப் பார்த்தது வயது அல்ல. முழு அட்டை, பெயரெல்லாம் பத்திரமாக இருந்த அட்டை. நான்தான் படிக்கவில்லை. தம்பியின் கத்தரிக்கோலைத் திட்டிய வாய் கொஞ்ச நேரம் மூடிக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கை. குளோர்டயசெபாக்சைடுதான் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் ரோஷ் நிறுவனத்தில் 1950களில் கண்டுபிடித்தது, 1960இல் லிப்ரியம் என்று கடைக்கு வந்தது. அவருடைய ஆய்வகம் இருந்தது நியூ ஜெர்சியின் நட்லியில். நான் அலுவலகம் போகிற வழியில் கைகாட்டிப் பலகையில் தினமும் பார்க்கிற ஊர்.

மருத்துவரை அன்றிரவே பார்த்தோம். டோக்கன் 42, உள்ளே போனபோது மணி ஒன்பதே முக்கால். கட்டணம் இருநூறு ரூபாய். எங்கள் ஊரில் இதற்கு ஆறு வாரம் காத்திருந்து, பிறகு காப்பீட்டு நிறுவனத்தோடு தொலைபேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். 'எங்கள் ஊர்' என்று எதைச் சொல்கிறேன் என்று எனக்கே சில நேரம் குழம்பும்.

மாத்திரையை அன்றே குப்பையில் போடத் தயாராக நான் போயிருந்தேன். அவர் தலையை ஆட்டினார். "எட்டு மாதம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் போகும், கை நடுங்கும். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். ஏறின படியில்தான் இறங்க வேண்டும்." அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020 செப்டம்பரில் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னதும் இதற்காகத்தான்: உடல் பழகிப்போவது, அடிமையாவது, திடீரென்று நிறுத்தினால் வரும் ஆபத்து.

பிறகு வரிசையாகக் கேள்விகள். மூட்டுவலிக்கு டிரமடால் கலந்த மாத்திரை உண்டா? கோடீன் உள்ள இருமல் மருந்து? இவற்றோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும் என்றார். படர்தாமரைக்கு இட்ரகோனசோல் சாப்பிட்டார்களா? அது உடம்பிலிருந்து அல்பிரசோலாமை வெளியேற விடாதாம். அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். கடைசியில், "பக்கத்து வீட்டில் ஒரு நாள் முழங்கால் வலிக்கு ஏதோ கொடுத்தார்கள், அதுவும் வெள்ளைதான்" என்றாள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வயிற்று மாத்திரையை அந்த மூன்றாவது சரக்கு இல்லாததாக மாற்றினார். அது அடங்கிய பிறகு தூக்க மாத்திரையை வாரக்கணக்கில் குறைக்க ஆறு படிகள் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு படிக்கும் தன்னைப் பார்க்க வர வேண்டும், இரவில் எழுந்தால் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்றார். மருந்தை மூன்றாவது கடையில்தான் வாங்கினோம். மருந்தாளுநர் அம்மாவின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, அட்டையைக் காலி முனையிலிருந்து வெட்டி, கவரில் மருந்தின் பெயரைத் தமிழில் எழுதினார். அம்மா எழுத்துக்கூட்டி வாசித்தாள். "அல்பிரசோலாம். நல்லெண்ணெய் மாதிரி வழுக்குகிறது பெயர்" என்றாள்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள், அம்மா தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து மடித்துக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். ஆறு படிகள். சோற்றுப் பருக்கையை நசுக்கிப் பசையாக்கி ஹார்லிக்ஸ் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டினாள். "அந்தக் கம்பவுண்டர் இப்படித்தானே ஒட்டித் தருவார்?" என்று கேட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசியபோது மூன்றாவது படியில் இருந்தாள். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறதாம். வாசல் தெளித்துக் கோலமும் போட்டுவிட்டு, பால்காரர் எப்போது வருவார் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாளாம். கல்யாணச் செய்தியை இந்தத் தடவை சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, "அதுதான் அப்போதே சொன்னேனே" என்றாள்.