மர மயிலும் கீழக்கரை உப்புக்காத்தும்: ஏழு வருஷ அனுபவம்

நான் வாங்குன அதே சுவர்க்கடிகாரம் இப்போ பாதி விலைக்குக் கிடைக்குதாம். "வாங்கவா மச்சான்?"னு மச்சினன் துபாயிலேர்ந்து வாய்ஸ் நோட் போட்டிருக்கான். ஆசாரிக்குக் கூலி எண்ணிக் கொடுத்து ஒரு மாசம்கூட ஆகலை, கேக்குற நேரம் பாருங்க.

மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். எட்டு நாள் ஓடுற ஜெர்மன் மெஷின். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வந்ததும் மூணு துளைக்கும் சாவி கொடுப்பேன்: நடுவுல ஓட்டத்துக்கு, வலப்பக்கம் கால்மணிப் பாட்டுக்கு, இடப்பக்கம் மணியடிக்க. வாரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னப்பின்ன இருக்கும். கோடையில பெண்டுலக் கம்பி சூட்டுல நீண்டு கொஞ்சம் மெதுவாகும். அடித்திருகை லேசா ஏத்தினாப் போதும். பாட்டு, லண்டன் பிக் பென் பாடுற அதே வெஸ்ட்மின்ஸ்டர். சர்ச் மணி மாதிரி இருக்குன்னு முதல்ல மாமி முகத்தைச் சுளிச்சாங்க. (மாமியார் வீட்டுலதான் இருக்கேன், எங்க ஊர் வழக்கம் அது.) இப்போ சாவி கொடுக்க ஒருநாள் பிந்தினா, "மாப்பிள்ளை, வீடு வெறிச்சுனு கெடக்கே"ன்னு அவங்கதான் ஆள் அனுப்புறாங்க.

எரிச்சலெல்லாம் பெட்டி மேலதான். முன்கதவு முழுக்க ஒரு மயில். சாயம் கிடையாது, எல்லாம் காகிதம் மாதிரி சீவுன மரம்: ஈட்டி, வால்நட், மேப்பிள். கழுத்துல நிழல் விழுந்த மாதிரி தெரியுதே, அது மரத்துண்டோட ஓரத்தைச் சுடுமணல்ல முக்கிக் கருக வச்சது. தோகையைச் சுத்தி பித்தளை இழை. கடையில இதைப் பார்த்துத்தான் விழுந்தேன்.

மரம் ஈரத்துல நாருக்குக் குறுக்கேதான் உப்பும், நீளவாக்குல அவ்வளவா உப்பாது. மயில்ல ஒவ்வொரு துண்டுக்கும் நார் ஒவ்வொரு பக்கம் ஓடுது. பித்தளைக்கோ ஈரம் பட்டா உப்பத் தெரியாது, களிம்பு ஏறத்தான் தெரியும். கச்சான் காத்துல உப்பு, வாடையில ஈரம், ராத்திரி ஏசி போட்டா வறட்சி. இழுபறியில பசை விட்டுடுது. பிரான்ஸ்ல 14ஆம் லூயிக்கு வேலை பார்த்த பூல் (1642–1732) ஆமை ஓட்டையும் பித்தளையையும் பதிச்சுப் பண்ணுன பெட்டிகளுக்கே இதே வியாதிதான். அங்க மியூசியத்துல ஆள் போட்டு ஒட்டுறாங்க. இங்க நான்தான். "எந்த ஊர் ஈரமும் தாங்கும் சார்"னு சொன்ன விற்பனையாளரை இன்னும் மறக்கலை.

ஆசாரி வந்து நகத்தால மயிலை அங்குலம் அங்குலமாத் தட்டினார். ஒட்டியிருக்கிற இடத்துல டொக்குனு சத்தம். விட்ட இடத்துல கொட்டாங்குச்சியைத் தட்டுன மாதிரி. ஏழு இடத்துல சாக்பீஸ் வட்டம் போட்டார். நல்லவேளை, பழைய முறைப்படி வஜ்ஜிரம் (மாட்டுத்தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்குற பசை) போட்டு ஒட்டியிருந்தாங்க. சூடு காட்டினா அது திரும்ப இளகும். மெல்லிசு கத்தியால புது வஜ்ஜிரத்தை உள்ள தள்ளி, மேல சுடுமணல் மூட்டை வச்சு அழுத்தணும்னார். வாசல் தாண்டினா கடல்தானேன்னு ஒரு பக்கெட் அள்ளிட்டு வந்தேன். ஒரு பொடி எடுத்து நாக்குல வச்சவர் துப்பிட்டார். "பாய், உங்க கடிகாரத்தைக் கெடுத்ததே இதுதான். ஆத்து மணல் கொண்டாங்க." பக்கத்துல வீடு கட்டுறவங்ககிட்டப் போய்க் கெஞ்சி வாங்கினேன். ரெண்டு நாள் வேலை. முடிச்சதும் மயில் புதுசு மாதிரி மினுங்குச்சு. சும்மா சொல்லக்கூடாது, எனக்கே கண் பட்டுடும் போல இருந்துச்சு.

அந்தச் சந்தோஷத்துலதான் மச்சினனுக்கு இப்படி எழுத ஆரம்பிச்சேன்: மெஷினுக்கு அஞ்சுக்கு அஞ்சு, அழகுக்கு அஞ்சுக்கு அஞ்சு, பாதி விலைன்னா யோசிக்காத, தூக்கிடு.

அதுக்குள்ள மஃரிப் பாங்கு சொன்னாங்க. எழுந்து போற வழியில, இப்போ பழக்கமாயிடுச்சு பாருங்க, மயில் கழுத்துல நகத்தால ஒரு தட்டுத் தட்டினேன். கொட்டாங்குச்சி. ஆசாரி வட்டம் போடாத இடம், எட்டாவது.

எழுதுனதை அழிச்சுட்டேன். துபாய் ஃப்ளாட்டுலயே மாட்டுறதா இருந்தா உன் இஷ்டம். ஊருக்குக் கொண்டுவர்றதுக்குன்னா, பாதி விலை என்ன மச்சான், சும்மா கொடுத்தாலும் வேணாம்.