டிக்கி பூட்டு மாற்றக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

எஸ்டீம், ஐகான், ஆக்சென்ட் மாதிரி பழைய செடான் கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு பிளாஸ்டிக் கிளிப் உடைந்ததைச் சரிசெய்ய 5,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, டிக்கி மூடியில் ஓட்டையும் போட்டு அனுப்பினார்கள். சென்னையில் நடந்தது. புகார் இன்னும் முடியாததால் கடைப் பெயரைச் சொல்லவில்லை. பெயர் முக்கியமும் இல்லை, இதே வித்தையை வேறு கடைகளிலும் செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

என்னுடையது 2004 மாடல் மாருதி எஸ்டீம். பதினைந்து வருடம் முடிந்த பிறகும் எஃப்.சி. காட்டி, பச்சை வரி கட்டி, ஆர்.சி.யைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. இந்த வயது வண்டிகளில் தொல்லை கொடுப்பது சின்னச் சின்னச் சாமான்கள்தான்: கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, கதவு ரப்பர், பூட்டு. டிரைவர் சீட் பக்கத்தில் தரையோடு இருக்கும் டிக்கி லிவரின் கேபிள் எப்போதோ அறுந்துவிட்டது. சாவி போட்டுத்தான் டிக்கியைத் திறப்பேன். திடீரென்று சாவி வழக்கத்தைவிட லேசாகத் திரும்ப ஆரம்பித்தது. அப்புறம் ஒரு நாள் சாவி திரும்புகிறது, டிக்கி திறக்கவில்லை. உள்ளே ஸ்டெப்னி, ஜாக்கி, ஊருக்கு எடுத்துப் போக வாங்கிய அரிசி மூட்டை எல்லாம் மாட்டிக்கொண்டன.

இங்கே கொஞ்சம் நின்று பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இது தெரிந்தால் பாதிப் பேர் ஏமாற மாட்டார்கள். டிக்கி பூட்டு என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் தனித்தனிச் சாமான்கள் இருக்கின்றன. சாவி நுழையும் சிலிண்டர் ஒன்று. மூடியின் விளிம்பில் இருந்துகொண்டு கவ்விப் பிடிக்கும் லாட்ச் ஒன்று. லாட்ச் கவ்வுவதற்காக பாடியில் முறுக்கியிருக்கும் வளையம், அதாவது ஸ்டிரைக்கர், ஒன்று. சிலிண்டரின் பின்பக்கத்து நாக்கு திரும்பும்போது லாட்ச் விடுபட வேண்டும். நிறைய பழைய வண்டிகளில் இந்த இரண்டையும் இணைப்பது ஒரு மெல்லிய கம்பி. அந்தக் கம்பியின் முனையைப் பிடித்து நிறுத்துவது விரல் நகம் அளவு பிளாஸ்டிக் கிளிப். இருபது வருட வெயிலில் அது காய்ந்து, உப்புக்கல் மாதிரி பொடிந்துபோகும்.

இப்போது கணக்கு சுலபம். சாவி உள்ளே போகவே மாட்டேன் என்கிறது, அல்லது போகிறது, திரும்பவில்லை என்றால் சிலிண்டரில் கோளாறு. சிலிண்டருக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும். சாவியின் வெட்டுகள் அவற்றைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்தால்தான் சிலிண்டர் திரும்பும். ஆக, சாவி நன்றாகத் திரும்புகிறது, டிக்கி மட்டும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் சிலிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது, பின்னால் இருக்கும் இணைப்புதான் கழன்றிருக்கிறது. சாவியில் திறக்கிறது, லிவரில் திறக்கவில்லை என்றால் கேபிள். இரண்டிலுமே திறக்கவில்லை என்றால் லாட்ச் இறுகியிருக்கலாம், அல்லது ஸ்டிரைக்கர் நகர்ந்திருக்கலாம். யாராவது மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சாவியைத் திருப்பிப் பாருங்கள், சில சமயம் அதற்கே திறந்துவிடும்.

எங்கள் ஏரியாவில் எல்லா கார் பூட்டு வேலையும் செய்யப்படும் என்று போர்டு வைத்த கடை ஒன்று. ஓனர் சாவியை வாங்கி ஒரே ஒரு தடவை திருப்பினார். "லாக் செட் போயிடுச்சு சார். எஸ்டீமுக்குத் தனியா டிக்கி லாக் வராது, செட்டாத்தான் வரும். இக்னிஷன், ரெண்டு டோர், டிக்கி எல்லாம் சேர்த்து ஒரிஜினல் கம்பெனி செட். ஃபிட்டிங்கோட 5,800" என்றார். இணைப்பு கழன்றிருக்குமோ என்று கேட்டதற்கு, "அதெல்லாம் அந்தக் காலத்து அம்பாசிடர்ல சார்" என்று சிரித்தார். வண்டியை விட்டுவிட்டு சாயங்காலம் வரச் சொன்னார். எஸ்டீம் உற்பத்தி 2007-லேயே நின்றுவிட்ட வண்டி, சாமான் கிடைத்ததே பெரிது என்று கிளம்பினேன்.

சாயங்காலம் போனபோது டிக்கி திறந்தது. ஆனால் புதுச் சாவியில். கதவும் இக்னிஷனும் பழைய சாவியில்தான் திறந்தன. செட் மாற்றியிருந்தால் எல்லாமே புதுச் சாவிக்கு அல்லவா வர வேண்டும்? கேட்டேன். "மத்ததெல்லாம் நல்லா இருக்கு சார், எதுக்குக் கழட்டணும்? உங்களுக்கு வேலை மிச்சம்" என்றார். சரி, அப்படியானால் செட்டில் மீதி இருக்கும் இக்னிஷன் பூட்டும் கதவுப் பூட்டுகளும் எங்கே? காசு கொடுத்தவன் நான்தானே? "அது டேமேஜ் பீஸ் சார், பையன் தூக்கிப் போட்டுட்டான்." என்னுடைய பழைய சிலிண்டர்? அதையும் பையன் தூக்கிப் போட்டுவிட்டானாம். அந்தப் பையன் அன்று ரொம்ப சுத்தமாகக் கடையைப் பெருக்கியிருக்கிறான் போலிருக்கிறது.

பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் "லாக் செட் 5800" என்று எழுதிக் கொடுத்தார். கடைப் பெயர் இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை. முத்திரை வைத்துக் கொடுங்கள் என்று நின்றபோது குரல் மாறியது: "பில் வேணும்னா பதினெட்டு பர்சென்ட் தனி சார்." அங்கேயே சத்தம் போட்டேன். கடைசியில் அந்தச் சீட்டின் பின்பக்கம் கடை ரப்பர் ஸ்டாம்ப் குத்தித் தந்தார். பிறகு உதவியது அந்த ஸ்டாம்பும், ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவும்தான்.

மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால், சிலிண்டரைச் சுற்றி ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வளையம் ஒட்டியிருந்தது. எஸ்டீமுக்கு அப்படி ஒரு வளையமே கிடையாது. விரலால் நெம்பினேன், கையோடு வந்தது. அடியில் டிரில் போட்டுப் பிய்த்த தகடு. வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது, சுற்றிலும் பெயின்ட் உரிந்திருந்தது, இடைவெளியில் சிலிகான் பசையை அப்பியிருந்தார்கள். புது சிலிண்டரின் விளிம்பில் சிவப்பு பெயின்ட் துளி. என் வண்டி வெள்ளை.

இதற்குள் வட கிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. ஒரு நல்ல மழைக்குப் பிறகு டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கினால் ஸ்டெப்னி பள்ளத்தில் தண்ணீர். டயர் பாதி நனைந்து கிடந்தது. அடியில் ரப்பர் அடைப்பான் இருக்கும், அதைப் பிடுங்கித் தண்ணீரை விட்டேன். எவ்வளவு நாளாகத் தேங்கியிருந்ததோ, ரிம்மில் துரு ஏறிவிட்டது. அதன்பின் திண்டிவனம் பக்கம் போகும்போது, ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் டிக்கி மூடி தானாக மேலே எழுந்து பின்கண்ணாடியை மறைத்தது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் கயிற்றால் கட்டி ஊர் வந்து சேர்ந்தோம். ஜன்னல்களைத் திறந்தே வைத்துக்கொண்டு ஓட்டினேன், அதற்குக் காரணம் உண்டு. டிக்கி திறந்தபடி ஓடினால் பின்னால் சுழலும் காற்று சைலன்சர் புகையை உள்ளே இழுத்துவிடும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. பூட்டு சரியாகப் பிடிக்காத டிக்கியோடு, கண்ணாடி ஏற்றி ஏசி போட்டு நெடுந்தூரம் போகவே கூடாது.

பிறகு என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் சாவி வேலை செய்யும் பாய் ஒருவரிடம் போனேன். வயதானவர். மூடியின் உள்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்து, "யார் தம்பி இதைப் போட்டது?" என்றார். சிலிண்டரை உள்ளேயிருந்து பிடித்து நிறுத்த லாட வடிவில் ஒரு எஃகுப் பட்டை இருக்கும், பக்கவாட்டில் செருகுவது. அது இல்லவே இல்லை. சிலிண்டர் வெறும் சிலிகானில் நின்றிருக்கிறது. சிலிண்டருக்கும் தகட்டுக்கும் நடுவில் வர வேண்டிய ரப்பர் கேஸ்கெட்டும் இல்லை, தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. லாட்சைப் பிடிக்கும் போல்ட்களில் ஒன்று காணோம், இன்னொன்று விரலாலேயே சுற்றியது. லாட்ச் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதால் ஸ்டிரைக்கரை முழுதாகக் கவ்வாமல் நுனியில் தொங்கியிருக்கிறது.

உள்ளே கம்பியின் முனையில் பழைய கிளிப்பின் உடைந்த பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பாய் அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இது ஒண்ணுதான் தம்பி உங்க வண்டிக்குக் கம்ப்ளெய்ன்ட். லாக் நல்லாத்தான் இருந்திருக்கும்."

டிரில் போடாமல் எப்படித் திறந்திருப்பீர்கள் என்று கேட்டேன். பின் சீட்டின் சாய்மானத்தைக் கழற்றிவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து டிக்கிக்குள் கையையோ நீளமான கம்பியையோ விட்டு லாட்சை நெம்புவாராம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். டிக்கி ஒரு தடவை திறந்துவிட்டால் அந்த எஃகுப் பட்டையைக் கட்டிங் பிளேயரால் இழுத்து சிலிண்டரை முழுசாக வெளியே எடுத்துவிடலாம். டிரில் என்பது வேறு எந்த வழியும் இல்லாதபோது செய்வது. அதுவும் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, சொல்லிவிட்டுச் செய்ய வேண்டியது.

பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் கழற்றிய ஒரு எஸ்டீம் சிலிண்டரை வரவழைத்து, உள்ளே இருக்கும் தகடுகளை எடுத்து, வேறு தகடுகளை வரிசை மாற்றிக் கோத்து, என் பழைய சாவிக்கே திறக்கிற மாதிரி செய்துகொடுத்தார். இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது: பழைய பூட்டோ புதுப் பூட்டோ, உங்கள் கையில் இருக்கும் சாவிக்கு ஏற்ப அதை மாற்றியமைக்க முடியும். செட்டாகத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு சாவி சுமக்க வேண்டும் என்பது விற்பதற்காகச் சொல்வது. உங்கள் பழைய சிலிண்டர் கையில் இருந்தால் அதிலிருக்கும் தகடுகளையே எடுத்துப் போடலாம், வேலை இன்னும் சுலபம். பழைய சாமானைக் கேட்டு வாங்கச் சொல்வது இதற்காகத்தான். பாய் வாங்கியது சாமானோடு சேர்த்து 900 ரூபாய். முட்டை வடிவத் துளையைச் சரிசெய்ய டிங்கரிங், பெயின்டிங் என்று அது தனிக் கதை, தனிச் செலவு.

பாய் இன்னொன்றும் சொன்னார். வண்டியின் எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவிதான் என்னும்போது, அதைப் பகல் முழுவதும் முன்பின் தெரியாத கடையில் விட்டால் நகல் எடுக்க ஐந்து நிமிடம் போதும். என் எஸ்டீமின் சாவி வெறும் உலோகம், திருட்டைத் தடுக்கும் சிப் கிடையாது. அதனால் கடைசியில் டிக்கி, இக்னிஷன், கதவுகள் எல்லாவற்றிலும் அதே முறையில் தகடு மாற்றி, ஒரே புதுச் சாவிக்கு வருகிற மாதிரி செய்யச் சொல்லிவிட்டேன். தூக்கம் வர வேண்டுமே.

கடைக்காரரிடம் திரும்பப் போனபோது, "நாங்க போட்டது நல்லா இருந்தது, வேற எவனோ கழட்டிட்டான்" என்றார். பாய் கழற்றுவதற்கு முன்பே சிலிகான், முட்டைத் துளை, இல்லாத போல்ட் எல்லாவற்றையும் போட்டோ, வீடியோ எடுத்திருந்தேன். காட்டியதும் உள்ளே போய்விட்டார், வரவேயில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிந்தேன். அவர்கள் பேசித் தீர்க்கத்தான் பார்ப்பார்கள், சின்னக் கடைகள் பெரும்பாலும் பதில் போடாது. என் விஷயத்திலும் பதில் இல்லை. அதனால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பினேன். வக்கீல் வைக்கவில்லை, நானே எழுதினேன்: என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு திரும்ப வேண்டும். அது போன பிறகு, பேசாமல் 2,500 ரூபாயை ஜிபேயில் போட்டுவிட்டார். மீதிக்கும் பெயின்ட் செலவுக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும், ஆன்லைனிலும் கொடுக்கலாம்.

பூட்டுச் சாமான் தேடுபவர்களுக்கு: சென்னையில் கார் சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் பழைய வண்டிகளுக்கு சிலிண்டர் தனியாகவே கிடைக்கிறது. நீங்களே நேரில் போய் வாங்குவது நல்லது. அந்த சிலிண்டருக்கு உரிய சாவியோடு வாங்குங்கள், கடையிலேயே பல தடவை திருப்பிப் பாருங்கள், எஃகுப் பட்டையும் கேஸ்கெட்டும் சேர்ந்து வருகின்றனவா என்று கேளுங்கள். சாவித் துவாரத்தில் எண்ணெய் விடாதீர்கள், தூசி அப்பிக்கொள்ளும். கிராஃபைட் பொடி கொஞ்சம் போதும். கிரீஸ் லாட்சுக்கு மட்டும். அந்த பிளாஸ்டிக் கிளிப் ஜி.பி. ரோட்டில் பாக்கெட்டாக விற்கிறது, விலை சொன்னால் எனக்கே கோபம் வரும்.