மலை ஏறினால் நிற்கும் ஜிப்ஸி, 23,400 ரூபாய் பில்

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பழைய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வண்டியைப் பட்டறையில் விடுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

என்னுடையது எம்ஜி410. 1985 கடைசியில் மாருதி இறக்கிய முதல் ஜிப்ஸி வகை. 970 சிசி, நாலு சிலிண்டர், நாலு கியர். 1996-ல் 1300 சிசி ஜிப்ஸி கிங் வந்த பிறகு இதைச் சீந்த ஆளில்லாமல் இருந்தது. இப்போது பழைய வண்டி மோகம் வந்து, இதன் ஒரிஜினல் பாகங்களுக்குத் தனிச் சந்தையே நடக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். மற்றபடி ரொம்பச் சாதுவான இன்ஜின். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றால், முதலில் கேட்கவேண்டியது ஒரே கேள்விதான்: கரண்ட் வரலையா, பெட்ரோல் வரலையா?

ஆயில் மாற்றி, பிரேக் பார்த்து, டேங்க்கை இறக்கித் துருவைக் கழுவித் தரச் சொல்லித்தான் விட்டேன். அதுவரை வண்டியில் எந்த மக்கரும் இல்லை. எடுத்த கையோடு ஃபுல் டேங்க் அடித்துக்கொண்டு வால்பாறைக்குக் கிளம்பினேன். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி நாலைந்து கொண்டை ஊசி ஏறியதும் இழுவை விட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கத் திக்கித் திக்கி, ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. கால்மணி நேரம் கழித்துச் சாவி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. இரண்டு வளைவு ஏறினால் மறுபடி அதே கதை.

பட்டறைக்காரர் பானட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “இப்ப வர்ற பெட்ரோல்ல இருபது சதவீதம் எத்தனாலுங்ணா. உங்க வண்டிக்கு அது ஆகாது. கார்புரேட்டர் போயிருக்கும், விட்டுட்டுப் போங்க.” இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. இ20 பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் சவ்வான டயாஃப்ரமையும் கெடுக்கும், சரி. ஆனால் கிழிந்த டயாஃப்ரம் கால்மணி நேரத்தில் தானாக ஒட்டிக்கொள்ளாது.

பில் வந்தது, வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதி: கார்புரேட்டர் ஓவர்ஹால் 6,500, காயில் (பிளக்குக்குக் கரண்ட் கொடுப்பது) 2,800, ஏசி பம்ப் (டேங்க்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுவது) 3,200, பிளக்கும் ஒயரும் 2,400, லேபர் 8,500. கரண்ட், பெட்ரோல் இரண்டு பக்கமும் மாற்றியிருக்கிறார்கள் என்றால் எந்தப் பக்கம் கோளாறு என்று பார்க்கவே இல்லை என்று அர்த்தம். கழற்றின பழைய சாமான்களைக் கேட்டேன். “பையன் குப்பையில போட்டுட்டானுங்ணா.”

மலையில் வண்டி மறுபடி நின்றது. திரும்பப் போய்ச் சொன்னால், “நாங்க ஓட்டிப் பாத்தப்ப ஜம்முனு போச்சுங்களே! அப்ப ஹெட் கேஸ்கட்தான். இன்ஜினை இறக்கிட்டா அறுபதாயிரத்துக்கு மேல ஆகும்” என்கிறார். வண்டியை அங்கே விடாமல் வேறு இடத்தில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம், ஹெட் கேஸ்கட் போயிருந்தால் குறையும்) மட்டும் பார்த்தேன். நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. இன்ஜின் கல் மாதிரி இருக்கிறது.

கோளாறு பிடிபட்டது சந்தேகத்தால்தான், திறமையால் அல்ல. அட்டகட்டிப் பக்கம் தூறலில் நின்றபோது, பட்டறையில் பெட்ரோலையும் உறிஞ்சிவிட்டார்களோ என்று நினைத்து டேங்க் மூடியைத் திருகினேன். ‘உஸ்ஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு சத்தம். ஆவி வெளியே வரவில்லை, காற்று உள்ளே போகிறது. விரலை வைத்தால் இழுப்பது தெரிந்தது. மூடியைத் திறந்து மூடிவிட்டுச் சாவி போட்டேன். உடனே எடுத்தது, காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை.

மூடியைத் துடைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது என் வண்டி மூடியே இல்லை. ஒரிஜினல் மூடிக்குள் சின்னதாக ஒரு வால்வு உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்கு வெளிக்காற்றை விடும். இது ஓட்டையே இல்லாத டூப்ளிகேட், அடியில் தடிமனாக ஒரு ரப்பர் வாஷர். டேங்க் கழுவும்போது பழையதைத் தொலைத்துவிட்டுக் கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். பாட்டிலுக்குள் காற்றுப் புகாமல் உறிஞ்சினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வராதே, அதே சங்கதி. ஏசி பம்ப்பின் உறிஞ்சும் சக்தி கொஞ்சம்தான். ஏற்றத்தில் டேங்க் இன்னும் கீழே போகிறது, இன்ஜின் இன்னும் அதிகம் கேட்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் சின்னக் கிண்ணமான ஃப்ளோட் சேம்பர் வற்றி வண்டி நிற்கிறது. நிறுத்திவைத்தால் வாஷர் ஓரமாகக் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும், வண்டி எடுத்துவிடும்.

அப்படியென்றால் அவர்கள் ஓட்டியபோது ஏன் நிற்கவில்லை? இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டும். இந்த வண்டியின் டேங்க் 40 லிட்டர். அது நிறைந்திருக்கும்போது மேலே இரண்டு மூன்று லிட்டர் காற்றுக்குத்தான் இடம். அதிலிருந்து ஒரு லிட்டர் பெட்ரோல் போனாலே உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்கும். டேங்க்கில் மூன்று லிட்டர் மட்டும் இருந்தால் மேலே முப்பத்தேழு லிட்டர் காற்று. ஒரு லிட்டர் போனால் ஒன்றும் தெரியாது. பட்டறையில் எப்போதும் அடிமட்டப் பெட்ரோலில், சமதளத்தில், பஸ் ஸ்டாண்டு வரை ஒரு சுற்று. அங்கே இந்தக் கோளாறு தலையே காட்டாது. ஃபுல் டேங்க்கில் சீக்கிரமும் குறைந்த பெட்ரோலில் தாமதமாகவும் நின்றால் மூடியைத்தான் முதலில் சந்தேகப்படவேண்டும். சந்தேகம் தீர மூடியைக் கொஞ்சம் தளர்த்திச் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். வளைவில் பெட்ரோல் சிந்தும்.

வேறு அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். சாவியைத் திருகி அணைத்தமாதிரி சட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட். நின்றவுடன், ஆறுவதற்குள், ஒரு ஸ்பேர் பிளக்கை ஒயரில் மாட்டி இன்ஜின் இரும்பில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள் (பெட்ரோல் கசிவு இல்லாத இடத்தில்). பொறி இல்லையென்றால் காயிலையோ கண்டென்சரையோ பிடியுங்கள். சூடானால் செத்து ஆறினால் பிழைக்கும் காயில்கள் உண்டு. திக்கித் திணறி நின்றால் பெட்ரோல் பக்கம். வேப்பர் லாக் (சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பது) என்று சொன்னால் ஏசி பம்ப்பில் ஈரத்துணி சுற்றிப் பாருங்கள், அதுதான் என்றால் வண்டி உடனே ஸ்டார்ட் ஆகவேண்டும். எனக்குத் தூறலிலும் நின்றது, அதனால் அது இல்லை.

மூடியைக் கொண்டுபோய்க் காட்டியபோது கிடைத்த பதில்: “அந்த மூடிக்கு நாங்க காசே வாங்கலையேங்ணா.”

அதைவிட வயிறு எரிவது கார்புரேட்டர் விஷயம். ‘ஓவர்ஹால்’ என்றுதான் பில். வீட்டில் ஏர் ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே இருப்பது பளபளக்கும் புது டூப்ளிகேட். வண்டியோடு வந்ததில் ஃப்ளோட் சேம்பர் மூடியில் நீல பெயின்ட் பொட்டு இருக்கும், ஒரு மூலையில் ஸ்க்ரூடிரைவர் நெம்பின தழும்பு இருக்கும். போன வருடம் எடுத்த போட்டோவில் இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன. ஒரிஜினல் எங்கே போனது என்று சொல்லவேண்டியதில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்தேன், பட்டறையிலிருந்து பதில் இல்லை. கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய்க்குள் கொடுத்த காசுக்கான புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுத்தாகவேண்டும். வெள்ளைத் தாள் பில்லையும் தூக்கிப்போடாதீர்கள். கூடவே ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, வண்டி விடும் முன் பானட்டுக்குள் எடுத்த போட்டோ எல்லாம் இருக்கட்டும்.

நீலப் பொட்டு வைத்த எம்ஜி410 கார்புரேட்டரை யாராவது விற்க வந்தால், வாங்குவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.