அப்பாவோட ஹியரிங் எய்டு: வருஷக்கணக்கா யூஸ் பண்ணதுல சொல்றேன்

ஃப்ரெண்ட் ஒருத்தர் அவங்க அம்மாவுக்கு ஹியரிங் எய்டு வாங்கலாமான்னு கேட்டாரு, அதான் எழுதறேன். சேனல் எத்தன (அதாவது சத்தத்த எத்தன பகுதியாப் பிரிச்சு சரி பண்ணும்), வெல என்னங்கறதெல்லாம் கடையிலயே சொல்லிடுவாங்க. அப்பாவுது காதுக்குப் பின்னாடி மாட்டுற டைப், 13 நம்பர் பேட்டரி.

காது மந்தமானதுல இருந்து அப்பா சாயங்காலம் பிள்ளையார் கோயில் பக்கம் போறதையே விட்டுட்டாரு, நாலு பேர் சிரிக்கறப்போ எதுக்குச் சிரிக்கறாங்கன்னு தெரியாம உக்காந்திருக்க முடியலன்னு அம்மாகிட்ட சொன்னாராம். மெஷின் மாட்டுனதுக்கப்பறம் இப்ப அஞ்சு மணிக்கே சட்டையப் போட்டுட்டு ரெடி! அங்க அரசியல் பேசி சண்ட போட்டுட்டு வர்றாரு, அந்த சண்டைக்காகவே எவ்ளோ காசு வேணா குடுக்கலாம். காது கேக்காதத வயசானா அப்படித்தான்னு விடாதீங்க, லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகையோட 2020 கமிஷன் ரிப்போர்ட்லயே டிமென்ஷியா, அதாவது மறதி நோய், வராம தடுக்க கவனிக்க வேண்டிய விஷயங்கள்ல இதையும் சொல்லியிருக்காங்க.

ஆனா அந்த விசில் சத்தம் இருக்கே! காதுக்குள்ள வைக்கற மோல்டு லூசாயிட்டா உள்ள போற சத்தம் வெளிய கசிஞ்சு திரும்ப மைக்குக்கே போகுது, உடனே கூஊன்னு கத்தும். தலகாணில சாஞ்சா கத்தும், துண்டு போத்துனா கத்தும், பேத்தி கட்டிப்புடிச்சா கத்தும், அவ பயந்து வெலகிடுவா, அப்பா மொகம் அப்டியே விழுந்துடும். வாங்குன கடையில கேட்டா மெஷின் பழசாயிடுச்சு புதுசு வாங்குங்கங்கறாங்க. வேற எடத்துல ஒரு ஆடியாலஜிஸ்ட்தான் (காது கேக்கறத டெஸ்ட் பண்ற நிபுணர்) அப்பா எளச்சுட்டாரு, அதான் மோல்டு சேரலன்னு சொல்லி, காதுல பேஸ்ட் வச்சு அளவெடுத்து புது மோல்டு போட்டுக் குடுத்தாங்க, விசில் நின்னுச்சு. இத மொதல்லயே சொல்ல என்ன கேடு அந்தக் கடைக்காரங்களுக்கு?

பேட்டரில ஆரஞ்சு ஸ்டிக்கர உரிச்சதும் ஒரு நிமிஷம் காத்துல வைங்க, அப்பறம் போடுங்க, அது காத்துல வேல செய்யற பேட்டரி. ராத்திரி பேட்டரி மூடியத் தொறந்து சிலிக்கா ஜெல் டப்பால வைங்க, நம்மூரு ஈரத்துக்கு அது இல்லாம ஆகாது. ஏழைப்பட்ட பெரியவங்களுக்கு மத்திய அரசோட வயோஸ்ரீ திட்டத்துல ஹியரிங் எய்டு இலவசமாவும் தர்றாங்க, கேம்ப் எப்பன்னு கலெக்டர் ஆபீஸ்ல விசாரிங்க.

மெஷின் அருமைதான், மறுக்கல. ஆனாலும் அந்தக் கடைக்காரங்க மேல இப்ப இருக்கற கோவத்துக்கு அப்பாவோட மாடல வாங்காதீங்கன்னுதான் சொல்வேன். எங்க வாங்குனாலும் மோல்டு லூசானா யாரு பாப்பாங்க, எத்தன நாளாகும்னு மொதல்ல கேளுங்க, பதில் சொல்லாம இழுத்தா அடுத்த கடைக்குப் போயிடுங்க.