நான்கு வருடம் அரூப ஓவியம் வரைந்து, ஆன்லைனில் பிரிண்ட் விற்றதில் கண்டது

நான்கு வருடமாக அரூப ஓவியம் வரைந்து, அவற்றின் பிரிண்டுகளை ஆன்லைனில் விற்று வருகிறேன். ஸ்கெட்ச் போடுவதில்லை, என்னென்ன வண்ணம் என்று முன்கூட்டி முடிவு செய்வதுமில்லை. தாளை விரித்து, கைக்கு முதலில் அகப்படும் ட்யூபைப் பிழிந்து, அது இழுத்த பக்கம் போவதுதான் முறை. கச்சேரியில் மனோதர்மம் என்கிறோமே, அதேதான். அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி 1909 முதல் இப்படி உள்ளுணர்வில் பிறந்த படங்களுக்கு ‘இம்ப்ரொவைசேஷன்’ என்று பெயரிட்டு எண் கொடுத்தார். நெடுநாள் யோசித்துக் கட்டியவற்றை ‘காம்போசிஷன்’ என்று தனியே வைத்தார். என்னுடையவை எல்லாம் முதல் வகை.

நான் வரைவது அக்ரிலிக்கில். ஈரமாக இருக்கும்போது அதிலுள்ள பசை பால்போல வெளுத்திருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும். அதனால் பூசும்போது பார்த்த நிறம் காய்ந்தபின் சற்று அடர்ந்துபோகும். இதற்குக் கண் பழகவே எனக்கு ஒரு வருடம் ஆனது. அதைவிட முக்கியம், பூச்சின் மேலே தோல் கட்டி அடியில் ஈரம் நிற்கும் அந்தச் சில நிமிடங்கள். அப்போது பழைய பிளாஸ்டிக் கார்டின் விளிம்பால் இழுத்தால் மேல்தோல் கிழிந்து, அடியில் எப்போதோ பூசி மறந்த மஞ்சள் எட்டிப் பார்க்கும். கொஞ்சம் முந்தினால் எல்லாம் குழைந்து சேறாகும். பிந்தினால் கார்டு வழுக்கிக்கொண்டு போகும். என்னிடம் அதிகம் விற்ற படம் அப்படி ஒரு கிழிசலில் பிறந்ததுதான்.

படத்தை முடித்தாகிவிட்டது, இனி பிரிண்ட் தானே என்று நினைத்தேன். முதல் பிரிண்ட் வந்த அன்று பிரித்துப் பார்த்தால், என் அல்ட்ராமரைன் நீலம் ஊதாவாக மாறியிருந்தது. திரை ஒளியை உமிழ்கிறது, தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரையில் தெரியும் எல்லா நிறங்களும் மைக்கு எட்டாது. ஃப்ளோரசன்ட் பிங்க் பிரிண்டில் சுத்தமாகச் செத்துப்போகும். உலோகப் பளபளப்பு வெறும் சாம்பலாகத் தெரியும். இப்போது அச்சகத்திடம் அந்தத் தாளுக்கான ஐசிசி ப்ரொஃபைலை, அதாவது அந்தத் தாளிலும் மையிலும் நிறங்கள் எப்படி வரும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்பைக் கேட்டு வாங்கி, திரை வெளிச்சத்தைக் குறைத்து, அச்சில் எப்படி வரும் என்று முதலில் கணினியிலேயே பார்த்துக்கொள்கிறேன். அப்புறமும் ஒரு சிறிய சோதனைப் பிரிண்ட் எடுத்துப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்காமல் எதையும் விற்பனைக்குப் போடுவதில்லை.

படம் பிடிப்பதில் பட்டது இன்னும் வலித்தது. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் ஃபோனில் எடுத்து வைத்திருந்தேன். ஏ3 அளவை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில் அச்சிட 3508 × 4961 பிக்சல் வேண்டும். ஒருவர் அதைவிடப் பெரிதாகக் கேட்டபோது என்னிடம் அத்தனை பிக்சல் இல்லை, மூலப் படமும் கைமாறிப் போயிருந்தது. அந்தப் படம் எனக்கு இனி இல்லை. அதன்பிறகு படம் காய்ந்த உடனே ஸ்டாண்டில் கேமராவை வைத்து, இருபுறமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து எடுத்துவிடுகிறேன். விளக்கிலும் லென்ஸிலும் போலரைசர் என்ற ஒளி வடிகட்டியைப் போட்டால் பளபளப்பு அடங்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் வண்ணம் இழுக்கும் கத்தி விட்டுப்போன மேடு பள்ளமும் சேர்ந்தே அடங்கிவிடும். எனக்கு அந்த மேடுகள் வேண்டும் என்பதால் ஒரு பக்க விளக்கைக் கொஞ்சம் தூக்கலாகவே வைப்பேன்.

இத்தனை கணக்கும் மனதில் இருந்தால் கை சுதந்திரமாக ஓடுமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. என் அனுபவத்தில் ஓடும், கணக்கைத் தொடங்கும் முன்பே முடித்துவிட்டால். முதல் சொட்டு விழுவதற்கு முன்பே மாஸ்கிங் டேப் ஒட்டி 2:3 என்ற அகல-உயர விகிதத்தைக் கட்டிவிடுகிறேன். முன்பு ஒரு படத்தை 4:5 சட்டத்துக்காக வெட்டியபோது அதன் உயிரான மூலையே போய்விட்டது. தாளம் நிலையாக நின்றால்தான் ஸ்வரம் ஓடும்.

விற்பனையைப் பொறுத்தவரை, ஆர்டர் வந்தபின் ஒரு நிறுவனமே அச்சிட்டு அனுப்பும் ‘பிரிண்ட் ஆன் டிமாண்ட்’ தொடங்குவதற்குச் சுலபம். சரக்கு வைக்க வேண்டாம், பார்சல் கட்ட வேண்டாம். ஆனால் அச்சான நம் படத்தை நாம் பார்ப்பதற்கு முன்பே வாங்கியவர் பார்த்துவிடுகிறார். ஒருமுறை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை ஓரம் விட்டு அச்சாகிப் போய், வாங்கியவர் அனுப்பிய ஃபோட்டோவைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. என் செலவில் மறுபடி அனுப்பினேன். இப்போது எந்தப் புதுப் படமானாலும் முதல் ஆர்டர் என்னுடையது. ஐம்பதோடு நிறுத்தும் எண்ணிட்ட பிரிண்டுகளை மட்டும் பருத்தித் தாளில், எளிதில் மங்காத பிக்மென்ட் மையில் எடுத்து, கையெழுத்திட்டு நானே அனுப்புகிறேன். ‘ஜிக்லே’ என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். அது 1991-ல் இங்க்ஜெட் அச்சுக்கு வைக்கப்பட்ட பெயர். மை என்ன, தாள் அமிலமற்றதா என்று கேளுங்கள், அது போதும்.

விற்பனை மெதுவானது, சில மாதம் ஒன்றும் போகாது. அதைவிட ஆபத்து, ஒரு படம் நன்றாகப் போவது. அந்தக் கிழிசல் படம் விற்கத் தொடங்கியதும் ஆறு மாதம் நீலத்தின் மேல் மஞ்சள் கிழிசலாகவே வரைந்தேன். ஒன்றிலும் உயிர் இல்லை. அன்றிலிருந்து வாரம் ஒரு தாள் யாருக்கும் காட்டாமல் வரைகிறேன். ஃபோட்டோ எடுக்கமாட்டேன், விற்கவும் மாட்டேன்.

போன மாதம் அந்தக் கிழிசல் படத்தை வாங்கிய ஒருவர், “இதில் மேல் எது, கீழ் எது?” என்று கேட்டு எழுதினார். நான் பதில் போடுவதற்குள் படுக்கைவாக்கில் மாட்டி ஃபோட்டோவும் அனுப்பிவிட்டார். நெடுக்காகக் கிழிந்திருந்த மஞ்சள் அங்கே விடியலுக்கு முந்தைய அடிவானமாகக் கிடந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் படம் கடையில் இரண்டு வாக்கிலும் இருக்கிறது.