லங்காவியில் எங்கள் படகைச் சரிசெய்து கொடுத்த ஆஸ்திரேலியர்

நானும் என் மச்சானும் சேர்ந்து பினாங்கில் ஒரு பழைய பாய்மரப் படகு வைத்திருக்கிறோம். 32 அடி, ஃபைபர்கிளாஸ், 1980களில் கட்டியது, இரண்டு சிலிண்டர் யன்மார் டீசல் இன்ஜின். போன நவம்பரில் லங்காவிக்கு ஓட்டிக்கொண்டு போனோம். சுமார் 60 கடல் மைல்தான், ஆனால் பாதி வழியில் காற்று அடியோடு நின்றுபோய் இன்ஜினைப் போட்டால், அரை மணி நேரத்தில் சூடு அலாரம் அலற ஆரம்பித்துவிட்டது. அணைப்பது, ஆறவிடுவது, மறுபடி போடுவது என்று லங்காவியின் முக்கிய ஊரான குவாவுக்கு முன்னால் நங்கூரம் போடும்போது இரவு பதினொரு மணி. இதே மாதிரி பழைய படகோடு அங்கே போய் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள், அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஊரிலேயே ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டோம். ஆள் வந்தார், பத்து நிமிடம் பார்த்தார், இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டும், கேஸ்கெட் போயிருக்கும், முழு ஓவர்ஹால் 14,000 ரிங்கிட் ஆகும் என்றார். மச்சானுக்கு முகமே தொங்கிப்போய்விட்டது. "இதுக்கு இன்ஜினையே தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாம் மாமா" என்றான். அப்போதுதான் பக்கத்தில் நங்கூரம் போட்டிருந்த ஒரு பிரெஞ்சுத் தம்பதி, பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பச்சை நிற இரும்புப் படகில் இருக்கிறவரை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டுங்கள் என்று சொன்னார்கள்.

அவர் ஆஸ்திரேலியர், ஐம்பதைத் தாண்டியவர், ஃப்ரீமேண்டிலில் படகு கட்டும் தொழிலை முறைப்படி கற்றவர். மனைவியோடு 38 அடிப் படகில் ஒன்பது வருடமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். போகிற இடத்தில் மூன்று நான்கு மாதம் தங்கி மற்றவர்களுடைய படகுகளைப் பழுது பார்ப்பது, கையில் சேர்ந்த பணத்தில் அடுத்த கடலைத் தாண்டுவது, இதுதான் பிழைப்பு. அவர் படகுக்குள் போய்ப் பார்த்தேன். முன் அறையில் படுக்கை கிடையாது, அந்த இடத்தில் ஒரு மேஜையும் அதில் போல்ட் அடித்த வைஸும் இருக்கின்றன. ஸ்டெயின்லெஸ் போல்ட், நட்டு எல்லாம் அளவுவாரியாக மைலோ டின்களில். கூடத்து மேஜைக்கு அடியில் மனைவியின் தையல் மெஷின், பாய் தைக்கிற கனமான ரகம். லங்காவி இவர்களைப் போன்றவர்களுக்குத் தோதான இடம், 1987லிருந்து தீர்வையில்லா தீவு என்பதால் பொருள் தருவிப்பது எளிது, இந்தியப் பெருங்கடலைத் தாண்டப் போகிற படகுகள் காற்று மாறுகிறவரை இங்கேதான் காத்துக் கிடக்கும், அவற்றில் முக்கால்வாசிக்கு ஏதாவது பழுது இருக்கும்.

வந்து பார்ப்பதற்கு அவர் காசு வாங்குவதில்லை. வந்தவர் கையில் ஸ்பேனர் இல்லை, ஒரு வாளிதான் இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு, பின்னால் எக்ஸாஸ்டில் விழுகிற தண்ணீரை வாளியில் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடத்தில் வந்தது வாளியில் கால்வாசி கூட இல்லை. எங்கள் இன்ஜின் கடல்நீரை நேராக உள்ளே இழுத்துக் குளிர்வித்துக்கொள்கிற வகை, தண்ணீர் வரத்து குறைந்தால் சூடாவதைத் தவிர அதற்கு வழியில்லை. பம்பைத் திறந்தார், உள்ளே சுற்றுகிற ரப்பர் இம்பெல்லரில் இரண்டு இதழ் இல்லை. நானாக இருந்தால் புதிதை மாட்டி மூடியிருப்பேன். அவர் மூடவில்லை, அந்த இரண்டு துண்டும் எங்கே என்று தேட ஆரம்பித்தார், ஒன்று பம்புக்கு அடுத்த ஹோஸ் வளைவில் கிடைத்தது, இன்னொன்றுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது, கடைசியில் தெர்மோஸ்டாட் மூடிக்குள் இருந்தது. இரண்டையும் மேஜையில் வைத்து, பழைய இம்பெல்லரோடு பொருத்திப் பார்த்து, முழுசாக இருக்கிறது என்று உறுதி செய்த பிறகுதான் எழுந்தார்.

புது இம்பெல்லர் மாட்டியும் வாளி பாதிதான் நிறைந்தது. அடுத்து அவர் கழற்றியது புகையும் தண்ணீரும் சேருகிற எக்ஸாஸ்ட் வளைவை. அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பழைய அடுப்புப் புகைக்கூண்டு மாதிரி உள்ளே முழுக்கக் கரி, அதன் மேல் உப்புப் படிந்து கல்லாகியிருந்தது, நடுவில் என் சுண்டுவிரல் நுழையாத ஓட்டை. பேட்டரி சார்ஜ் ஆவதற்காக நங்கூரத்தில் நின்றபடியே மணிக்கணக்கில் இன்ஜினை மெதுவாக ஓடவிடுகிறார்கள், சுமையில்லாமல் அப்படி ஓடினால் கரி அடைக்கத்தான் செய்யும் என்றார். நாங்கள் நான்கு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். புதிய ஸ்டெயின்லெஸ் வளைவு 900 ரிங்கிட், அவர் கூலி 9 மணி நேரத்துக்கு. 14,000 சொன்ன இடத்தில் 2,000 கூட ஆகவில்லை. ஹெட்டை யாரும் தொடவே இல்லை, இன்றுவரை அலாரம் அடிக்கவில்லை.

அப்புறம் படகின் மேல்தளம். இடது பக்கம் நடக்கும்போது ஓரிடத்தில் லேசாக அமுங்கும், நாங்கள் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தோம். அவர் ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் டக் டக் என்று ஒலித்தது, கைப்பிடிக் கம்பியின் அடித்தகடு பக்கம் வந்ததும் ஈரச் சாக்கைத் தட்டியது போல மொத்தென்று சத்தம். பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனார், முடித்தபோது அந்தக் கோட்டுக்குள் ஒரு ஆள் படுக்கலாம். எங்கள் படகின் தளம் மேலே ஒரு ஃபைபர்கிளாஸ் தோல், கீழே ஒரு தோல், நடுவில் பால்சா மரம். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் பால்சா கஞ்சியாகிவிடும். முன்பு வைத்திருந்தவர் ஓட்டையைச் சுற்றி சிலிக்கானைப் பூசி மறைத்திருந்தார்.

இந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தது எனக்குப் பெரிய பாக்கியம். மேல் தோலை அறுத்துத் தூக்கினார், கருத்துப்போன மரத்தை உளியால் வழித்து எடுத்தார், நான்கு நாள் மேலே கூடாரம் கட்டி உள்ளே ஃபேன் போட்டுக் காயவைத்தார். எபாக்சி என்பது ஹார்டனரோடு கலந்தால் கல்லாக இறுகுகிற பசை, நம் ஊர் சூட்டில் கலந்த கையோடு கொதித்துவிடும், அதனால் விடியற்காலை ஐந்தரைக்கே வருவார், மெதுவாக இறுகுகிற ஹார்டனரைத்தான் பயன்படுத்துவார், கலந்ததைக் கிண்ணத்தில் வைக்காமல் அகலமான தட்டில் பரப்பிவிடுவார், சூடு தங்காது. பத்து மணிக்கு மேல் எபாக்சியைத் தொடவே மாட்டார். தோலின் ஓரத்தைச் செங்குத்தாக விடாமல், கனத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்தார், அப்போதுதான் புது ஃபைபர்கிளாஸ் துணி பழசோடு ஒட்டிப் பாரம் தாங்குமாம். இறுகிய பிறகு மேலே மெழுகு போல ஒன்று படிந்திருக்கும், அதை வெறும் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவாமல் சாண்ட்பேப்பர் போடக்கூடாது என்று என்னையே கழுவவும் வைத்தார். போல்ட் ஓட்டைகளை முதலில் பெரிதாகத் துளைத்து, உள்ளே எபாக்சியை நிரப்பி, அது இறுகியதும் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தார். இனி அந்த ஓட்டையில் தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது.

பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கிற கம்பிகளை லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒன்றின் முனையில் மயிரிழை விரிசலைக் காட்டி மாற்றிக் கொடுத்தார். அவர் மனைவி எங்கள் முன்பாயில் பிரிந்துபோன தையலை எல்லாம் மறுபடி போட்டுக் கொடுத்தார், வெயிலில் துணிக்கு முன்னால் நூல்தான் இற்றுப்போகிறது, துணி இன்னும் ஐந்து வருடம் தாங்கும், புதுப் பாய் வாங்காதீர்கள் என்றார். வாங்கச் சொன்னால் அவருக்கே தைக்கிற வேலை கிடைத்திருக்கும்.

கணக்கு இது: மணிக்கு 110 ரிங்கிட். மொத்தம் 64 மணி நேரம், கூலி 7,040. எக்ஸாஸ்ட் வளைவு 900, தளத்துக்கான பொருட்கள் 1,400, பாய்த் தையல் 600. ஆக 9,940. பொருளுக்கு ரசீது எதுவோ அதுதான், மேலே ஒரு சென் வைக்கவில்லை. நோட்டில் தினமும் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனைக்குப் போனார், என்ன செய்தார் என்று எழுதி நம்மிடம் காட்டுவார். மழைக்காக ஒதுங்கி நின்ற நேரத்தைக் கழித்திருந்தார்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சுற்றுலாவாக வந்து இறங்கும்போது குத்துகிற விசிட் பாஸில் இங்கே கூலிக்கு வேலை செய்யக்கூடாது, பிடிபட்டால் அவருக்கும் சிக்கல், வேலை கொடுத்த நமக்கும் சிக்கல். நங்கூரத்தில் இருக்கிறவர்களில் அப்படிச் சத்தமில்லாமல் செய்கிறவர்கள் உண்டு. இவர் அப்படி இல்லை, உள்ளூர் நிறுவனம் ஒன்று இவருக்கு புரொஃபஷனல் விசிட் பாஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறது, பில்லும் அந்த நிறுவனத்தின் பெயரில்தான் வந்தது. அவர்களுக்கு ஒரு பங்கு போகிறது, அதனால்தான் மணிக்கு 110, இல்லையென்றால் குறைவாகவே சொல்லியிருப்பேன் என்று அவரே சொன்னார். எனக்கு அந்தக் கூடுதல் காசு கொடுத்ததில் வருத்தமே இல்லை. நீங்கள் யாரை வைத்தாலும் முதலில் இதைக் கேட்டுவிடுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. தளத்துக்கு ஆறு நாள் என்றார், பதினைந்து நாள் ஆனது. பாதிக்கு மழை காரணம், ஆனால் மீதி அவர் வேகம்தான், ஒரே ஆள், உதவிக்கு யாரையும் வைப்பதில்லை. புதுத் தளத்தின் பெயிண்ட் பழைய நிறத்தோடு சேரவில்லை, தூரத்திலிருந்தே ஒட்டுப் போட்டது தெரிகிறது. மச்சானுக்கு அது இன்னும் கண்ணை உறுத்துகிறது. மின்சாரம், கருவிகள் பக்கம் கை வைக்க மாட்டார், தெரியாது என்று நேராகவே சொல்லிவிடுவார். எல்லாவற்றையும் விடப் பெரியது, ஜனவரி கடைசியில் காற்று தோதாக வந்ததும் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு மேற்கே போய்விட்டார்கள். வேலைக்கு உத்தரவாதம் என்று எழுதிக் கொடுப்பதற்கு அவர் அங்கே இருக்கப்போவதில்லை. இது முக்கியம் என்றால் நிலையான பட்டறை உள்ள இடத்துக்கே போங்கள். எனக்கு இவர் வேலையில் நம்பிக்கை வந்ததற்கு ஒரு காரணம், இதே எபாக்சி, இதே முறையில் ஒட்டிய கதவையும் ஜன்னலையும் நம்பித்தான் அவரும் அவர் மனைவியும் கரை தெரியாத கடலில் வாரக்கணக்கில் தூங்குகிறார்கள்.

ஏப்ரலில் ஒரு பெரிய மழைக்குப் பிறகு, அவர் தொடாத வலது பக்கத்தில், படுக்கைக்கு மேலே ஒரு சொட்டு விழ ஆரம்பித்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை, அப்புறம் இலங்கையின் காலித் துறைமுகத்திலிருந்து ஏழு நிமிட வாய்ஸ் மெசேஜ் வந்தது, பின்னால் அலைச் சத்தம், நடுவில் ஏதோ படகின் ஹார்ன். எந்த போல்ட், எந்த அளவு டிரில் பிட், எவ்வளவு எபாக்சி, எத்தனை மணிக்கு ஆரம்பிக்க வேண்டும், எல்லாம் சொல்லியிருந்தார். கடைசியில், தட்டிப் பார்த்துவிட்டு அந்தச் சத்தத்தையும் பதிவு செய்து அனுப்பு என்றார். அனுப்பினேன். மரம் இன்னும் நன்றாக இருக்கிறது, சீக்கிரம் செய்துவிடு என்று பதில் வந்தது. அடுத்த ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு நானும் மச்சானும் தட்டில் எபாக்சியைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு நான்கு பெரிய மழை பெய்துவிட்டது, படுக்கை ஈரமாகவில்லை.